யாருக்குத் தயார்? மணிக்கட்டுக் கருவியும் மனசின் கணக்கும்

1

என் அக்கா மகன் அன்னூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கிறான். ஆயுத பூஜைக்கு வழக்கமாகப் பொரிகடலையும் ஒரு எவர்சில்வர் தூக்குப்போசியும் கொடுக்கிற நிர்வாகம், ஒரு வருஷம் சூப்பர்வைசர்களுக்கு மட்டும் கையில் கட்டிக்கொள்கிற பட்டை ஒன்றைக் கொடுத்தது. கறுப்பு ரப்பர்ப் பட்டை. உள்பக்கம் பச்சை வெளிச்சம் மினுக்கும். தூக்கம், நாடித் துடிப்பு, நடை எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, காலையில் கண் விழித்ததும் செல்போனில் நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடும். அந்த மார்க்குக்குப் பெயர் 'ரெடினஸ்'. இன்றைய நாளுக்கு உன் உடம்பும் மனசும் எவ்வளவு தயார் என்பதாம். 'நலப் போட்டி' என்று பெயர் வைத்து எல்லாருடைய மார்க்கையும் ஆபீஸ் திரையில் ஓட விட்டார்கள்.

மூன்று வாரம் அவன் மார்க் நாற்பதைத் தாண்டவில்லை. மேனேஜர் கூப்பிட்டு, "ஏம்ப்பா, ஊட்ல ஏதாச்சும் பிரச்சனையா? மனசு ஒரு நெலையில இல்லையாட்ட இருக்குது?" என்று கேட்டிருக்கிறார். அன்பாகத்தான் கேட்டிருக்கிறார். அடுத்த மாசம் இன்சார்ஜ் பதவிக்கு வேறொரு பையன் பெயர் போனது.

அவன் என்னிடம் வந்து சொன்னான்: "எம் மனசு நல்லாத்தானுங் மாமா இருந்துச்சு. அரை நைட் முடிச்சு ஊட்டுக்கு வர ஒரு மணி ஆயிருது. ஒரு நாள் உட்டு ஒரு நாள் ராத்திரி ரண்டரைக்குத்தான் எங்க வீதிக்குத் தண்ணி வுடறாங்க. மத்த நாள்ல அம்மாளுக்கு மேலுக்குச் சொகமில்லீங். அதெல்லாம் அந்தப் பட்டைக்கு எப்படிங் மாமா தெரியும்?"

இந்தக் கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம். பட்டைக்கு எப்படித் தெரியும் என்பது ஒரு பாதி. தெரிந்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்பது மறு பாதி. முதல் பாதி விஞ்ஞானம் பற்றியது, மறு பாதி அதிகாரம் பற்றியது. நம் எழுத்தாளர்களும் இயக்கத் தோழர்களும் இரண்டாவதைப் பேசத் தயங்குவதே இல்லை. ஆனால் முதலாவதைத் தெரிந்துகொள்ளாமலேயே பேசிவிடுகிறோம். ஒரு கருவியைத் தெரியாமல் கும்பிடுவதும் தெரியாமல் திட்டுவதும் நமது சூழலில் ஏறத்தாழ ஒரே காரியமாகத்தான் நடந்துவருகிறது.

2

அந்தப் பச்சை வெளிச்சம் எதைப் பார்க்கிறது?

ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டின் சிறு நாளங்களில் ரத்தம் கூடிக் குறைகிறது. அதற்கேற்பத் திரும்பி வரும் ஒளியும் குறைந்து கூடுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் நாடி. ஒளியால் ரத்த ஓட்டத்தை அளக்கும் முறை புதிதல்ல. அமெரிக்க உடலியலாளர் ஹெர்ட்ஸ்மன் 1930களின் பிற்பகுதியிலேயே இதை எழுதிவிட்டார்.

அடுத்தது கொஞ்சம் நுட்பமானது. இதயம் கடிகாரம் அல்ல. நிமிஷத்துக்கு 60 துடிப்பு என்றால் நொடிக்கு ஒன்றாகச் சீராக அடிக்கும் என்று நினைக்கிறோம், அப்படி இல்லை. ஒரு இடைவெளி 950 மில்லிநொடி இருக்கும், அடுத்தது 1030 இருக்கும். மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று விரைகிறது, விடும்போது தணிகிறது. தணிக்கிற வேலையைப் பெரும்பாலும் செய்வது மூளையிலிருந்து இறங்கி வரும் வேகஸ் நரம்பு. உடம்பு இளைப்பாறும்போது இந்த நரம்பின் பிடி ஓங்குகிறது, இடைவெளிகளுக்குள் வேறுபாடு கூடுகிறது. நெருக்கடியில் வேறுபாடு சுருங்குகிறது. ஆக, முழுச் சீராக அடிக்கிற இதயம்தான் நெருக்கடியில் இருக்கிற இதயம். 1965இல் ஹோன், லீ என்ற இரு மருத்துவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள்: கருவிலிருக்கும் குழந்தை ஆபத்துக்குள்ளாகும்போது துடிப்பின் வேகம் மாறுவதற்கு முன்பே இந்த இடைவெளிகளின் ஒழுங்கு மாறிவிடுகிறது. 1996இல் ஐரோப்பிய, வட அமெரிக்க இதயவியல் அமைப்புகள் சேர்ந்து இதை எப்படி அளப்பது என்று விதிமுறைகளை வகுத்தன.

சில கருவிகள் தோலின் ஈரத்தையும் பார்க்கின்றன. பயமோ பதற்றமோ வந்தால் தோலின் மின்கடத்தும் தன்மை மாறும் என்று 1888இல் பிரான்சில் ஃபெரே சொன்னார். சொல்லுக்குச் சொல் கேட்டு மனத்தின் முடிச்சுகளைத் தேடிய யுங் தம் சோதனைகளில் இதைக் கருவியாக வைத்துக்கொண்டார். பொய்யறியும் கருவியின் ஒரு காலும் இங்கேதான் நிற்கிறது.

பட்டை போடுகிற மார்க் என்பது இவற்றின் கூட்டல். தூக்கம் எத்தனை மணி, துடிப்பு இடைவெளி எப்படி, ஓய்வில் நாடி எத்தனை, தோலின் சூடு என்ன, நேற்று எவ்வளவு அலைந்தாய் என்பவற்றை உன்னுடைய முந்தைய வாரங்களோடு ஒப்பிட்டு ஒரு எண்ணாக்குகிறார்கள். எதற்கு எவ்வளவு எடை என்பது கம்பெனியின் ரகசியம்.

இதில் மூன்று தாவல்கள் இருக்கின்றன. ஒளியிலிருந்து நரம்புக்கு ஒன்று. நரம்பிலிருந்து மனநிலைக்கு ஒன்று. மனநிலையிலிருந்து நாளைய வேலைத்திறனுக்கு ஒன்று. கை அசையாமல் இருந்தால், அதாவது தூக்கத்தில், முதல் தாவல் ஓரளவு பத்திரமானது. கை அசைந்தால் கதை வேறு. 2020இல் அமெரிக்காவில் பல கருவிகளை ஒப்பிட்டுச் செய்த ஆய்வொன்றில், ஓய்வில் இருந்ததைவிட அசைவின்போது நாடியை அளப்பதில் பிழை சராசரியாக 30 சதவீதம் கூடுதலாக இருந்தது. ரிங் ஃபிரேம் முன்னால் நடந்துகொண்டே அறுந்த இழையை ஒட்டுகிற சைடரின் கை எட்டு மணி நேரமும் அசைந்துகொண்டே இருக்கிற கை. இழை அறாமல் இருக்க ஈரப்பதம் ஏற்றி வைத்திருக்கிற கூடத்தில் தோலில் ஊறுவது பயத்தின் வேர்வையா, புழுக்கத்தின் வேர்வையா? பட்டைக்கு இரண்டும் வேர்வைதான்.

இரண்டாவது தாவல் இன்னும் நலிந்தது. கோபத்துக்கு இந்தத் துடிப்பு, துயரத்துக்கு அந்தத் துடிப்பு என்று கைரேகை போல உடம்பில் தனித்தனி அடையாளம் உண்டா என்று நூற்றுக்கணக்கான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018ஆம் வருஷத்து மதிப்பாய்வு, அப்படி நிலையான அடையாளம் எதுவும் கிடைக்கவில்லை என்றே முடிந்தது. காதலியைப் பார்த்தாலும் கடன்காரனைப் பார்த்தாலும் நெஞ்சு படபடக்கத்தான் செய்கிறது.

மூன்றாவது தாவல் பாதி ஊகம். 'தயார்' என்ற சொல் உள்ளே நுழைகிற இடம் இதுதான்.

3

தயார் என்பது தனியாக நிற்கிற சொல் அல்ல. எதற்குத் தயார், யாருக்குத் தயார் என்ற கேள்வி அதன் வாலிலேயே இருக்கிறது. இந்த அளவீடு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வால் தெரியும்.

இத்தாலியின் டூரின் நகரில் ஆஞ்செலோ மோஸ்ஸோ என்ற உடலியலாளர் எர்கோகிராஃப் என்றொரு கருவியைச் செய்தார். நடுவிரலில் கயிறு கட்டி, எடையை இழுக்கச் சொல்வது. விரல் ஓயும்வரை ஒவ்வொரு இழுப்பும் காகிதத்தில் கோடாக விழும். 1891இல் வந்த 'சோர்வு' பற்றிய அவருடைய நூலில் ஒரு செய்தி இருக்கிறது. அவருடைய சக மருத்துவர் மஜ்ஜோரா மாணவர்களுக்கு வாய்மொழித் தேர்வு நடத்திவிட்டு வந்து விரலை மாட்டினால் கோடு சீக்கிரம் படுத்துவிடுகிறது. களைத்தது மூளை, காட்டிக்கொடுத்தது விரல். மனசின் களைப்பை உடம்பின் ஓரத்தில் பிடித்துவிடலாம் என்கிற ஆசை அன்று பிறந்தது. இன்றைய பட்டை அதன் பேரப்பிள்ளை.

இந்தச் சோர்வு விஞ்ஞானத்துக்கு ஆரம்பத்திலிருந்தே இரண்டு எஜமானர்கள். எட்டு மணி நேர வேலை கேட்டவர்கள் இதைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். முதல் உலகப் போரின்போது 1915இல் பிரிட்டனில் வெடிமருந்துத் தொழிலாளர் உடல்நலக் குழு அமைந்தது. அதற்காக ஆய்வு செய்த வெர்னன், வேலை நேரத்தைக் குறைத்தால் உற்பத்தி குறைவதில்லை, கூடவும் செய்கிறது என்று காட்டினார். நல்ல முடிவுதான். ஆனால் அதன் தர்க்கத்தைக் கவனிக்க வேண்டும்: ஓய்வு அங்கே உரிமையாக வரவில்லை, உற்பத்திக் கணக்காக வந்தது. உற்பத்தி கூடாது என்று தெரிந்திருந்தால் ஓய்வு கிடைத்திருக்குமா?

இரண்டாம் உலகப் போரில் எஜமானர் ராணுவம். ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கும் விமானப்படை ஆட்கள் நீர்மூழ்கிக் கப்பலின் புள்ளியைத் தவறவிட்டார்கள். ஏன் என்று கேம்பிரிட்ஜில் நார்மன் மாக்வொர்த் ஆராய்ந்தார். 1948இல் வெளியான அவருடைய சோதனை எளிமையானது. ஒரு முள் துள்ளித் துள்ளி நகரும். எப்போதாவது ஒரு தடவை இரட்டைத் துள்ளல் துள்ளும். அதைக் கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு மணி நேரம் இதே வேலை. முதல் அரை மணிக்குள்ளேயே தவறவிடுவது கூடிவிட்டது. பிறகு அமெரிக்க ராணுவத்தின் வால்டர் ரீட் ஆய்வு நிறுவனம் சிப்பாயின் மணிக்கட்டில் கருவி கட்டித் தூக்கத்தைப் பதிந்து, மறுநாள் அவன் விழிப்பு எப்படி இருக்கும் என்று கணிக்கும் வழிகளைத் தேடியது. 'ரெடினஸ்' என்ற சொல்லே ராணுவ மணம் கொண்டது. சண்டைக்குத் தயாராக இருக்கிற பட்டாளத்தைச் சொல்லிய சொல், இன்று காலையில் காப்பி குடிக்கிறவனைப் பார்த்துச் சொல்லப்படுகிறது.

மாக்வொர்த்தின் கடிகாரத்தைப் படித்தபோது எனக்கு ரேடார் ஞாபகம் வரவில்லை, சைடர்தான் ஞாபகம் வந்தார். சுழலும் நூற்றுக்கணக்கான ஸ்பிண்டில்களுக்கு முன்னால் நடந்து நடந்து, எங்கே இழை அறுந்தது என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதானே அந்த வேலை! சோதனையில் அரை மணியில் தளர்ந்த கவனம் இங்கே எட்டு மணி நேரம் தளரக் கூடாது.

கோவையில் முதல் மில் 1888இல் எழுந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தது, மில்கள் பெருகின. கரண்ட் வந்ததால் ராத்திரியும் வேலை நேரமானது. பகல், அரை நைட், முழு நைட் என்று நம் ஊர்ப் பேச்சிலேயே நாள் மூன்றாக உடைந்தது. மில் சங்கு ஊருக்கே மணி சொன்னது. 1956இல் கோவையில் தொடங்கப்பட்ட தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ரா, 100 கிலோ நூலுக்கு எத்தனை ஆள்-மணி ஆகிறது என்று மில்லுக்கு மில் ஒப்பிட்டு அளவுகோல் கொடுத்தது. அதுவரை அளந்தது கையை. மனசு மில் கேட்டுக்கு வெளியே தொங்கவிட்ட சட்டை போல விடப்பட்டிருந்தது. பட்டை அந்தச் சட்டையையும் உள்ளே கொண்டுவந்து மாட்டச் சொல்கிறது.

ஃபூக்கோ 1975இல் எழுதிய சிறை பற்றிய நூலை நம் சிற்றிதழ்கள் நிறையவே பேசியிருக்கின்றன. பள்ளி, பாசறை, ஆலை என்று அடைபட்ட இடங்களில் உடம்பைப் பழக்கும் அதிகாரம் அது. 1990இல் தெல்யூஸ் சின்னக் கட்டுரை ஒன்றில் அந்தக் காலம் முடிகிறது என்றார்: இனி அடைப்பு இல்லை, விடாத கட்டுப்பாடு, ஆலை போய்க் கம்பெனி வரும், அது ஆட்களுக்குள் ஓயாத போட்டியை மூட்டும். அக்கா மகனின் 'நலப் போட்டி'யைப் பார்த்தால் அவர் சொன்னது சரியென்றே படும். ஆனால் நம் ஊரில் ஒன்று போய் மற்றொன்று வரவில்லை. ஆலையும் இருக்கிறது, பட்டையும் வந்திருக்கிறது. ஷிப்ட் முடிந்து வெளியே வந்தவனின் தூக்கத்துக்குள்ளும் மேஸ்திரி வந்து நிற்கிறார். பாரிஸில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது அன்னூரில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருக்கிறது.

இது சூப்பர்வைசரோடு நிற்கிற விஷயமும் அல்ல. 2020 வாக்கில் சண்டிகர், நாக்பூர், பஞ்ச்குலா போன்ற நகரங்களில் துப்புரவுத் தொழிலாளர்களுக்கு இடம் காட்டும் கைக்கடிகாரம் கட்டப்பட்டது. எங்கே நிற்கிறாய் என்று அது ஆபீசுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. கழற்றினால் சம்பளம் பிடிப்பார்கள் என்று தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். அந்தக் கடிகாரம் பார்த்தது இடத்தை மட்டும். யாருக்கு முதலில் கட்டினார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் கண்காணிப்புக்கும் சாதி தெரியும்.

4

அப்படியானால் இந்த எண் வெறும் பித்தலாட்டமா? அப்படிச் சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் உண்மை அவ்வளவு வசதியாக இல்லை.

2003இல் வெளியான ஓர் ஆய்வு என்னை யோசிக்க வைத்தது. வான் டாங்கனும் டிங்கஸும் மற்றவர்களும் ஆட்களை 14 நாள் தினமும் ஆறு மணி, நாலு மணி என்று அளந்து தூங்க வைத்தார்கள். நாளுக்கு நாள் கவனம் சரிந்துகொண்டே போனது. கடைசியில் முழுசாகத் தூக்கம் விழித்தவர்களின் நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் 'எவ்வளவு தூக்கக் கலக்கமாக இருக்கிறது' என்று கேட்டால் சில நாளிலேயே 'பரவாயில்லை, பழகிவிட்டது' என்ற பதில் நிலைத்துவிட்டது. அதாவது தன் சோர்வு தனக்கே தெரிவதில்லை. திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளுக்கு அன்னூர் வழியாக லாரி ஓட்டிப் போகிற டிரைவரும் "பழகிப்போச்சுங்" என்றுதான் சொல்வார். அந்தப் பேச்சை மட்டும் நம்பிவிட முடியாது. அங்கே ஒரு கருவி உயிரைக் காக்கலாம்.

அக்கா மகன் வெறுத்துப்போய்க் கழற்றி எறிந்த பட்டையை நான் இரண்டு வாரம் கட்டிப் பார்த்தேன். (அந்த இரண்டு வாரமும் ஆபீஸ் திரையில் அவன் பெயருக்கு நேராக என் தூக்கம்தான் ஓடியிருக்கிறது. யாரும் கண்டுபிடிக்கவில்லை.) பழைய தோழர் ஒருவரின் சாவுக்குப் போய், வெயிலில் நின்று, அழுது களைத்து, எட்டு மணிக்கே அடித்துப்போட்டாற்போல் தூங்கினேன். காலையில் 84. 'இன்று பெரிய காரியங்களுக்கு நீங்கள் தயார்' என்றது. எழுந்து திண்ணையில் உட்கார்ந்தவன் மத்தியானம் வரை உட்கார்ந்தே இருந்தேன். இன்னொரு நாள் கோவையில் இலக்கியக் கூட்டம், கூட்டம் முடிந்தும் முடியாத சண்டை, கடைசி பஸ், படுக்க ஒன்றரை மணி. காலையில் 39. ஆனால் பல மாசமாக நின்றுபோயிருந்த கட்டுரை அன்றைக்குத்தான் நகர்ந்தது.

ஒன்றை மறைக்கக் கூடாது. 39 என்ற எண்ணைப் பார்த்தபின் பேனாவை எடுக்க அரை மணி நேரம் தயங்கினேன். 2014இல் அமெரிக்காவில் இதையே சோதித்திருக்கிறார்கள். மாணவர்களிடம் போலியாக ஒரு கருவியை மாட்டி, 'நேற்று நீ நன்றாகத் தூங்கியிருக்கிறாய்', 'சரியாகத் தூங்கவில்லை' என்று கட்டிவிட்ட கணக்கைச் சொன்னார்கள். நன்றாகத் தூங்கியதாகச் சொல்லப்பட்டவர்கள் தேர்வில் மேலாகச் செய்தார்கள். தங்களுக்குத் தூக்கம் எப்படி இருந்ததாகத் தோன்றியது என்பது கணக்கில் வரவில்லை. எண் மனசை அளப்பதோடு நிற்பதில்லை, அதற்கு மனசைச் செய்யவும் தெரியும். கருவியில் நல்ல மார்க் வாங்க வேண்டும் என்ற தவிப்பிலேயே தூக்கம் கெட்டு மருத்துவரிடம் வந்தவர்களைப் பற்றி 2017இல் எழுதியவர்கள் அந்த நோய்க்கு 'ஆர்த்தோசோம்னியா' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

இன்னொரு பக்கமும் சாட்சி இருக்கிறது. விளையாட்டு வீரர்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் திரட்டிய 2016ஆம் வருஷத்து மதிப்பாய்வு, நாடி, ரத்தம், ஹார்மோன் என்று அளப்பதைவிட, 'எப்படி இருக்கிறாய்' என்று ஒழுங்காகக் கேட்டுக் குறித்துக்கொள்வதே பயிற்சியின் பாரத்தை நன்றாகக் காட்டுகிறது என்றது.

முதல் ஆய்வு ஆளின் பேச்சை நம்பாதே என்கிறது. பிந்தையது பேச்சைத்தான் நம்பு என்கிறது. முரண் போலத் தெரிந்தாலும் நடுவே ஒரு விஷயம் விட்டுப்போகிறது: கேட்கிறவர் யார்? 'முடியல' என்று சொன்னால் என்ன நடக்கும்? நல்ல பயிற்சியாளரிடம் வீரன் 'முடியவில்லை' என்றால் அன்றைக்கு ஓட்டம் குறையும். மில்லில் சொன்னால் ஆள் குறையும். எனவே பேச்சோ எண்ணோ, எதற்கும் தானாக உண்மை கிடையாது. உண்மை சொன்னவனுக்குத் தண்டனை இல்லாத இடத்தில்தான் இரண்டும் உண்மை பேசும்.

5

தொல்காப்பியர் இந்த விஷயத்தில் நமக்கு அந்நியர் அல்ல. உள்ளத்தில் நிகழ்வது உடம்பில் புலப்படுவதைத்தான் அவர் மெய்ப்பாடு என்கிறார். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு. ஆனால் அவர் எட்டைச் சொல்லிவிட்டு நிற்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் நான்கு களன்களைச் சொல்கிறார். அச்சம் எங்கிருந்து வரும்? அணங்கு, விலங்கு, கள்வர், அப்புறம் தம் இறை. தன்னை ஆள்கிறவன்தான் நாலாவது. பேயையும் புலியையும் திருடனையும் வைத்த வரிசையிலேயே மேலதிகாரியையும் வைத்தவருக்கு நம் மில் நிர்வாகம் புரிந்திருக்கும்.

பட்டை துடிப்பை எடுத்துக்கொண்டு களனை விட்டுவிடுகிறது. தண்ணி ரண்டரைக்கு வருகிறது என்பது களன். அம்மாளுக்குச் சொகமில்லை என்பது களன். அதைத் துண்டித்துவிட்டால் மிஞ்சுவது 'இவன் தயாரில்லை' என்ற குணம் மட்டும். சூழலின் கோளாறு ஆளின் கோளாறாக எழுதப்படுகிறது. மெய்ப்பாட்டியல் முடிகிற இடத்தில் தொல்காப்பியர் இன்னொன்றையும் சொல்கிறார்: கண்ணும் காதும் கூர்மையாக இருந்து உணரத் தெரிந்தவருக்கன்றி இது எண்ணிப் பிடிக்கக் கூடியதல்ல. எதிரில் ஓர் ஆள் வேண்டும் என்று அர்த்தம்.

கொங்குப் பேச்சில் மனசு சரியில்லாதபோதும் 'மேலுக்கு முடியல' என்போம். 'நெஞ்சு பதைக்குது', 'வவுறு கலக்குது' என்போம். மனசை உடம்பில் வைத்துச் சொல்வது நம் பெண்களுக்குப் புதிதல்ல. அந்த விதத்தில் பட்டையும் நம்மாட்டத்தான். ஒரே வித்தியாசம், 'மேலுக்கு முடியல' என்பது யாரையோ பார்த்துச் சொல்வது. "ஏனாத்தா, என்னாச்சு?" என்ற கேள்வியை அது வரவழைக்கிறது. 39 என்பது யாரிடமும் எதையும் கேட்கவில்லை. நம்மைப் பற்றி, நமக்குத் தெரியாமல், மூன்றாம் ஆளிடம் பேசுகிறது.

6

சட்டம் என்ன சொல்கிறது? 2010இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம், சம்மதமில்லாமல் உண்மை மருந்து கொடுப்பதும் பொய்யறியும் கருவி, மூளை வரைவுச் சோதனைகளுக்கு உட்படுத்துவதும் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. 2017இல் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றது. கொலைக் குற்றம் சாட்டப்பட்டவனின் மனசுக்குள் போலீஸ் எட்டிப் பார்க்க முடியாது. சரி, மில் வேலைக்காரனின் மனசுக்குள்? 2023ஆம் ஆண்டின் தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேலைவாய்ப்பு நோக்கங்களுக்காக' என்று ஒரு வாசல் திறந்திருக்கிறது. அங்கே சம்மதம் கேட்காமலே தரவைக் கையாள இடமுண்டு.

ஐரோப்பாவின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் வேலையிடத்திலும் பள்ளியிலும் ஆளின் உணர்ச்சியைக் கருவியால் ஊகிப்பதை 2025 பிப்ரவரி முதல் தடைசெய்தது. மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் வலியும் களைப்பும் உணர்ச்சி அல்ல, உடல்நிலை என்று அதன் முன்னுரையே பிரித்துவிடுகிறது. கோபத்தை அளக்கக் கூடாது, களைப்பை அளக்கலாம். 'தயார்நிலை' என்ற சொல்லின் சாமர்த்தியம் இதுதான். அது உடம்பு என்று சொல்லிக்கொண்டு நுழைந்து மனசில் போய் உட்காரும்.

நாம் என்ன கேட்பது? கருவியை உடைப்பது பதில் அல்ல என்றே எனக்குப் படுகிறது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் பெண்களை ஆலையில் ராத்திரி வேலைக்கு அமர்த்தக் கூடாதென்ற பிரிவை, பாதுகாப்பு நிபந்தனைகளோடு நீக்கியது. அதற்குப்பின் முழு நைட்டில் நிற்கிற பெண்களின் தூக்கக் கணக்கு யாரிடம் இருக்கிறது? 2023 ஏப்ரல் 21 அன்று வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணி வரை நீட்ட வழிசெய்யும் திருத்த மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் மே 1 அன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. பத்து நாள் நடந்த அந்தச் சண்டையில் நம் கையில் கோஷம் இருந்தது. பன்னிரண்டு மணி நேரம் நின்றவனின் பதினாலாவது நாள் எப்படி இருக்கும் என்ற கணக்கு இருந்திருந்தால் அதுவும் சேர்ந்து பேசியிருக்கும். மோஸ்ஸோவின் கோடு இரண்டு எஜமானர்களுக்கும் வேலை செய்தது என்பதை மறக்க வேண்டியதில்லை.

ஆகவே யார் பட்டையை நீட்டினாலும் கேட்க வேண்டியது சிலதுதான். எண் யாருக்குப் போகிறது? கழற்றினால் என்ன ஆகும்? எல்லாவற்றுக்கும் மேலாக, மார்க் குறைந்தால் மாறப்போவது ஆளா, ஷிப்டா? ஒரு ஆள் நாற்பதில் இருந்தால் அது அவன் பாடு என்று வாதிடலாம். அரை நைட் பார்க்கிற முப்பது பேரும் நாற்பதில் இருந்தால் அது அரை நைட்டின் மார்க். தனி ஆளின் பெயரோடு ஆபீஸ் திரையில் ஓடுகிற எண், பெயரில்லாமல் ஷிப்டின் பெயரில் சங்கத்தின் கையில் இருந்தால் அதன் அர்த்தமே தலைகீழாகிறது.

போன மாசம் அக்கா மகன் வந்திருந்தான். பட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். வேண்டாம் என்றான். "இது சொல்றதெல்லாம் கம்பெனிக்காரன் கம்ப்யூட்டருக்குப் போயிருதுங் மாமா. நாங்க ஒரு நோட்டுப் போட்டிருக்கறமுங். அரை நைட் பசங்க ஆறு பேரு. எப்பத் தூங்குனம், எதுக்கு எந்திரிச்சம், மனசு எப்படி இருந்துச்சு, அவ்வளவுதான்." ஒரு நாற்பது பக்க நோட்டு. பார்க்கக் கொடுத்தான். கோணல்மாணல் எழுத்து. மூன்றாவது பத்தியில் ஒருவன் எல்லா நாளும் 'சுமார்' என்று எழுதியிருந்தான். இரண்டாவது பத்தியில், ஆறு பேருக்கும், 'தண்ணி' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்திருந்தது.

அதை எடுத்துக்கொண்டு பேரூராட்சி ஆபீசுக்குப் போகலாமா, இல்லை முதலில் மேனேஜரிடம் போகலாமா என்று ஆறு பேரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.